‘நைஸ்’ என்பது பாராட்டா, திட்டா?

சொல்வேட்டை: யாராவது உங்களை ‘நைஸ்’ என்றால் உடனே பூரித்துப் போகாதீர்கள். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் அறியாதவன். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு முட்டாள் என்றுதான் பொருள். அதைப் போய்ப் பாராட்டாகச் சொல்கிறோம்.

கல்லுரல்: ‘நாற்றம்’கூட ஒரு காலத்தில் நறுமணம்தான். அதற்காக மல்லிகைப்பூ நாறுகிறது என்று வீட்டில் சொல்லிப் பாருங்களேன். முட்டாள் என்பதிலிருந்து எதற்கெடுத்தாலும் குறை காண்பவர், அப்புறம் நுணுக்கமானது, 18ஆம் நூற்றாண்டில் இனிமையானது என்று ‘நைஸ்’ நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இன்றைய பொருள்தான் பொருள்.

சொல்வேட்டை: சரி, இன்றைய பொருள் என்ன? சாப்பாடு நைஸ், மழை நைஸ், மாப்பிள்ளை நைஸ். எதற்கும் பொருந்துகிற சொல் எதையும் சொல்வதில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் தன் ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில் இதைக் கிண்டலடித்தாயிற்று. அது அச்சானது 1817இல்.

கல்லுரல்: 200 வருஷமாகக் கிண்டலடித்தும் சாகவில்லை என்றால் அதற்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். காரியத்தைக் கெடுத்தவனிடம் ‘நைஸ்!’ என்று இழுத்துச் சொன்னால் அதைவிடப் பெரிய வசவு உண்டா?

மிளகுரசம்: நடுவில் நுழைகிறேன். ‘மாவை நைஸா அரை’ என்கிறோமே, அது ஆங்கிலமே இல்லை. ‘நைய’ என்பதிலிருந்து வந்தது. நையப் புடைத்தான் என்கிறோம் இல்லையா?

கல்லுரல்: அப்படியானால் ‘நைய அரை’ என்று நின்றிருக்கும். ‘ஸ்’ எங்கிருந்து வந்து ஒட்டியது? வட கேரளத்து மலபாரில் பத்திரி என்கிற அரிசி ரொட்டியில் மெல்லியதற்கு ‘நைஸ் பத்திரி’ என்றே பெயர். நுண்மை, மென்மை என்ற பழைய ஆங்கிலப் பொருள்தான் நம் அடுப்படியில் இருக்கிறது.

மிளகுரசம்: பத்திரி சரி. ‘நைஸா நழுவிட்டான்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன ஆதாரம்?

கல்லுரல்: அது நாமே போட்டுக்கொண்ட பொருள். மலையாளத்திலும் இப்படித்தான் நழுவுகிறார்கள். ‘என்னை நைஸ் பண்ணாதே’ என்றால் வெள்ளைக்காரருக்குத் தலைகால் புரியாது. சொல்வேட்டை ஐயா, இதையும் தப்பு என்பீர்களா?

சொல்வேட்டை: இல்லை. நழுவுகிறவனையாவது கண்ணில் பார்க்க முடிகிறது. நீளமான பதிவுக்குக் கீழே ‘நைஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் என் எதிரிகள். அவர்கள் இரண்டாவது பத்தியைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

மிளகுரசம்: நைஸ்.