சீகை மரத்தை வெட்டினால் ஓடையில் தண்ணீர் வருமா?

கோபி வாய்க்கால்:
போன வாரம் நீலகிரியில அவலாஞ்சி வரைக்கும் போய்ட்டு வந்தேனுங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சீகைக்காடு. சீகைக்காய் இல்லைங்க, வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரம். உள்ளே இறங்கிப் பார்த்தா தரையில ஒரு புல் இல்லை, வெறும் சருகு. ஒரு காலத்துல மேடெல்லாம் புல்வெளி, பள்ளத்துல சோலைன்னு இருந்த மலை. வெள்ளைக்காரன் இந்தச் சீகையை விறகுக்குன்னு கொண்டு வந்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிடுற பட்டைக்குச் சீகையும் மரக்கூழுக்குக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நம்ம அரசாங்கமே மலை மலையா நட்டுச்சு.

இதே நீலகிரியில கிளன்மார்கன்ல அளந்தே பார்த்திருக்காங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நீர்ப்பிடிப்பு. ஒண்ணை அப்படியே விட்டு, இன்னொண்ணுல பாதிக்கு மேல கற்பூர மரம் நட்டாங்க. முதல் பத்து வருஷத்துல ஓடைத் தண்ணி 16 சதவீதம் குறைஞ்சது. வெட்டி, மறுதளிர் விட்ட ரெண்டாவது சுற்றுல 25 சதவீதம். 2022ல தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கையே வெளியிட்டாச்சு. இன்னும் என்னத்துக்குத் தயக்கம்? எங்க தடப்பள்ளி வாய்க்கால் நெல்லு பவானி ஆத்தை நம்பி, ஆறு இந்த மலையை நம்பி. ஒரு மரம் விடாம வெட்டணும்.

எமரால்டு ஹட்டி:
கீழே இருந்து சொல்றது சுலபம். 2009 நவம்பர்ல இந்த மலையில மண் சரிஞ்சு நாற்பது பேருக்கு மேல போனாங்க. 2019 ஆகஸ்ட்ல இதே அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல யாரும் படுக்கலை, மேட்டுப்பக்கம் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தோம். அந்தச் சரிவை மொட்டையடிச்சு அடுத்த ஆடிக்கு மழை வந்தா மண்ணை யாரு பிடிப்பா? விறகும் எங்களுக்குச் சீகைதான். டிசம்பர் உறைபனியில கேஸ் அடுப்பு குளிர் காயத் தருமா?

இன்னொண்ணு. நீங்க சொன்ன கணக்கு கற்பூர மரத்துக்கு. சீகைக்கு அப்படியே பொருந்தும்னு எப்படிச் சொல்றீங்க?

கோபி வாய்க்கால்:
கற்பூர மரக் கணக்குங்கறது சரிதானுங்க, ஒத்துக்கறேன். ஆனா சீகையும் வருஷம் முழுக்கப் பச்சையா நின்னு தண்ணி குடிக்கிற மரம்தானே? கோடையில புல்லு காய்ஞ்சு சும்மா கிடக்கும், இது காயாது. தென்னாப்பிரிக்காவுல 1995ல இருந்து ஓடைத் தண்ணிக்காகவே இதே சீகையை அரசாங்கம் கூலி கொடுத்து வெட்டுது. அங்கேயும் மலைதான்.

மண்சரிவுக்கு ரோடும் கட்டடமும் சரிவை வெட்டினது காரணமில்லையா?

சோலை நாற்று:
நான் மேல ஒரு நாற்றங்கால்ல வேலை பார்க்கிறேன். ரெண்டு அண்ணன்களும் வெட்டுறதைப் பத்தியே பேசுறீங்க. வெட்டின அடுத்த வருஷம் என்ன ஆகுதுன்னு சொல்றேன்.

நாங்க பார்த்த ஒரு சரிவுல ஆளு வச்சு மொத்தமும் அறுத்து லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. வெயில் பட்டதும் மண்ணுக்குள்ள கிடந்த விதை எல்லாம் ஒரே சமயத்துல முளைச்சது. குனிஞ்சு பார்த்தா கீரைப்பாத்தி மாதிரி, விரல் வைக்க இடமில்லை. சீகை விதை ஓடு கெட்டி, பல பத்து வருஷம் மண்ணுல சாகாம கிடக்கும். தீ பட்டா இன்னும் நல்லா முளைக்கும். மூணாவது வருஷம் அங்கே உள்ளே நுழைய முடியலை. முன்னாடி மரத்துக்கு மரம் நடக்க வழியாவது இருந்துச்சு.

அதனால கோபி அண்ணா, "ஒரு மரம் விடாம" வேண்டாம். வயசான தோப்பு நிழல்ல சோலைக் கன்னுங்க தானா வருது. வெட்டவெளியில உறைபனி கருக்கிடும், அந்த நிழல்ல பிழைக்குது. அதை மெதுவா விலக்கினா போதும். புல்வெளிக்குள்ள புதுசா ஏறிவர்ற இளஞ்சீகைதான் அவசரம். அதை மழைக்கு அப்புறம் மண்ணு இளகி இருக்கும்போது வேரோட கையால பிடுங்கணும், நம்ம புல்லை நடணும். அஞ்சாறு வருஷம் விடாம.

எமரால்டு ஹட்டி:
இதை ஏத்துக்கறேன் தம்பி. எங்க ஊருக்கு மேல வெட்டின இடமும் இப்படித்தான் புதரா ஆச்சு, இப்ப அதுக்குள்ள காட்டுமாடு படுத்துக்கிடக்கு, கேரட் தோட்டத்துக்குப் பெண்கள் தனியா போறதில்லை. ஆனா அஞ்சாறு வருஷம் பிடுங்க யாரு கூலி கொடுப்பா? ஒப்பந்தம் மரம் வெட்டத்தான் விடுறாங்க, கன்னு பிடுங்க இல்லை.

கோபி வாய்க்கால்:
நாங்க கொடுக்கக் கூடாதா? தண்ணி குடிக்கிறது கோயம்புத்தூர், விளையறது எங்க வயல். பில்லூர் அணைத் தண்ணிக்கும் பாசனத்துக்கும் வர்ற காசுல மலைக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கி, ஹட்டி ஆளுங்களுக்கே, அதாவது மலைக் கிராமத்து ஆளுங்களுக்கே, அந்த வேலையைக் கொடுக்கலாம். வெட்டணுங்கறதுல நான் மாறலை, எந்த இடத்தை முதல்லன்னு தம்பி சொல்றதைக் கேட்டுக்கறேன்.

எமரால்டு ஹட்டி:
பங்கு வரட்டும், அப்புறம் பேசலாம். விறகுத்தோப்பு ஊரோரம் நிக்கணும், அதுல கை வைக்க விடமாட்டோம்.

சோலை நாற்று:
ஊரோரத் தோப்பு நிக்கட்டும் அண்ணா. நான் கேட்கிறது மேல இருக்கிற சதுப்பை. தோடர் பழங்குடிகளோட கோயில் கூரைக்கு வேய்ற புல்லு அந்த மாதிரி ஈர இடத்துலதான் வளருது, அதைத் தேடி அவங்க இப்ப வெகுதூரம் நடக்கிறாங்க. நாங்க கன்னு பிடுங்கின ஒரு சின்னச் சதுப்புல இந்தப் பங்குனியிலயும் கால் வச்சா கணுக்கால் வரை இறங்குது. பக்கத்துச் சீகைக்குள்ள அதே நாள் மண்ணு தூசியா பறந்துச்சு. மாசி, பங்குனியில ரெண்டு பேரும் வாங்க, செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க.