எங்கள் ஐயாவின் அண்ணன் மலாயாவில் டாக்டரா, டிரெசரா (மருத்துவ உதவியாளரா)?

கானாடுகாத்தான் பேத்தி:
வளவுப் பெட்டகத்தைத் துடைக்கும்போது ஐயாவின் அண்ணனுடைய எல்.எம்.பி. (அந்தக் கால மருத்துவப் பட்டயம்) சான்றிதழ் கிடைத்தது. ராயபுரத்தில் படித்துவிட்டு 1920களில் மலாயா போனவர். வீட்டில் "பெரிய டாக்டர்" என்றுதான் சொல்வார்கள், ஆனால் கடிதங்களில் எப்போதும் ஒரு வெள்ளைக்கார டாக்டருக்குக் கீழேதான் வேலை பார்த்திருக்கிறார். இவர்களை யார் வேலைக்கு எடுத்தார்கள்? படித்தவருக்கு ஏன் அதிகாரி பதவி இல்லை?

பள்ளத்தூர் அண்ணாமலை:
வேலைக்குச் சேர வாசல் இரண்டு தங்கச்சி, அதிகாரிகளுக்கு ஒன்று, உதவியாளர்களுக்கு ஒன்று. அதிகாரிப் பதவிகளுக்கு லண்டனில் காலனி அலுவலகமே (குடியேற்ற நாடுகளைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) ஆள் எடுத்தது. போட்டித் தேர்வெல்லாம் கிடையாது, நேர்முகமும் பெரிய மனிதர்களின் சிபாரிசும்தான். 1899இல் பேட்ரிக் மேன்சன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் லண்டனில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி தொடங்கியபின் புதிதாகச் சேருபவர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 1902இல் ஐரோப்பிய வம்சாவளியாக இருக்க வேண்டும் என்று விதியாகவே எழுதிவிட்டார்கள். அதற்குச் சில வருடம் முன்புதான் சியரா லியோனில் பிறந்த கறுப்பினத்தவரான ஜான் ஃபாரல் ஈஸ்மன் கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானா) தலைமை மருத்துவ அதிகாரியாகவே இருந்தார்! ஆக, திறமை இல்லாமல் ஒதுக்கவில்லை. நம் எல்.எம்.பி.க்கு பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேட்டிலும் இடம் கிடையாது, அதனால் இவர்களுக்கு உதவி நிலை வேலைதான்.

தேவகோட்டை ராமு:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அவர் அரசு ஊழியரா, தோட்ட ஊழியரா என்று முதலில் பாருங்கள். ரப்பர் தோட்டங்களில் ஆஸ்பத்திரி வைப்பது முதலாளியின் பொறுப்பு, கூலிகளில் பெரும்பாலோர் தமிழர், அதனால் தமிழ் தெரிந்த டிரெசர் இல்லாமல் வேலை ஓடாது. மலேரியாவில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த காலம், ராத்திரி பகல் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இவர்கள்தான்.

கானாடுகாத்தான் பேத்தி:
கடித உறையில் மலாயாவின் கிள்ளான் ஊர்த் தபால் முத்திரை இருக்கிறது அண்ணே.

பள்ளத்தூர் அண்ணாமலை:
கிள்ளானா! மால்கம் வாட்சன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1901 வாக்கில் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை அடக்கிய ஊர் ஆயிற்றே. சம்பளச் சீட்டு எதுவும் இருந்தால் யார் பணம் கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அரசு வேலை என்றால் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பெயரை இனிஷியலோடும், இல்லாமலும், "செட்டி" என்று சேர்த்தும் தேடுங்கள், அந்தக் காலத்தில் ஒரே ஆளை மூன்று விதமாக எழுதுவார்கள்.