ரெண்டாம் கியரில் மட்டும் கர்ர்ர்… இதில் விமான டயர் எங்கே வந்தது?

பழையடீசல்:
வண்டி 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அஞ்சு கியர் டீசல். ஒரு மாசமாக மூணிலிருந்து ரெண்டுக்கு இறக்கும்போது மட்டும் கர்ர்ர் என்று அரைக்கிறது, காலையில் கொஞ்சம் அதிகம். மற்ற கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுகிறது. மெக்கானிக் அண்ணன் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு "சிங்க்ரோ போச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு "பிளைட் இறங்கும்போது டயர்ல புகை வருதுல்ல, அதே கதைதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆயில் மாற்றினால் தேறுமா? அந்த பிளைட் கதை நிஜமா, இல்லை என்னைச் சமாளித்தாரா?

கிரீஸ்கை:
சமாளிக்கவில்லை. மூணாவதில் 2000 ஆர்பிஎம்மில் போகிற வண்டியை அதே வேகத்தில் ரெண்டில் போட்டால் 3000 பக்கம் வரவேண்டும். கிளட்சை மிதித்திருக்கும் அந்த நொடியில் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை அந்த வேகத்துக்கு ஏற்றிவிடுவது ஒரு பித்தளை வளையம், சிங்க்ரோ என்று அவர் சொன்னது அதைத்தான். அதன் உள்பக்கம் நூல் மாதிரி வரிகள் இருக்கும், அவைதான் ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டு பல்சக்கரத்தின் பக்கத்திலுள்ள கூம்பைப் பிடிக்கும். வரி மழுங்கிவிட்டால் பிடிமானம் இல்லை, வேகம் சேரும் முன்பே பல்லோடு பல் முட்டுகிறது, நீங்கள் கேட்கிற கர்ர்ர் அதுதான். இப்படியே ஓட்டினால் பல் முனை உருண்டு, அப்புறம் கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வர ஆரம்பிக்கும்.

ஆயிலை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். பிளக்கில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் பயமில்லை, எல்லா பாக்ஸிலும் இருப்பதுதான். ஆயிலை வெயிலில் பிடித்தால் தங்கத்தூள் மாதிரி மின்னுகிறதா? அது அந்த வளையம் தேய்ந்த பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. யாராவது ஜிஎல்-4 ரக கியர் ஆயில் ஊற்றவேண்டிய இடத்தில் ஜிஎல்-5 ஊற்றினார்களா என்றும் விசாரியுங்கள், அதில் உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கும். ரிவர்ஸும் அரைக்கிறது என்றால் மட்டும் முதலில் கிளட்சைப் பாருங்கள்.

ஹேங்கர்வாசி:
டயர் பக்கம் நான் சொல்கிறேன். தரை தொடும்போது விமானம் 250 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும், சக்கரம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அது சுழன்று வேகம் பிடிக்கும்வரை ரப்பர் ஓடுதளத்தில் இழுபடுகிறது, புகை அதனால்தான். இங்கே நடுவில் பித்தளை வளையம் கிடையாது, டயரே அந்த வேலையையும் செய்கிறது.

முன்கூட்டியே சுழற்றிவிடலாமே என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள், காப்புரிமையும் நிறைய இருக்கிறது. அந்த மோட்டாரின் எடையைப் பயணம் முழுக்கச் சுமக்கவேண்டும், மிச்சமாவதோ கொஞ்சம் ரப்பர். டயரைத் தின்பதில் பிரேக்குக்கும், தரையில் ஊர்ந்து போகும்போது (டாக்ஸி) வரும் திருப்பத்துக்கும் பெரிய பங்கு உண்டு. நாலு சக்கர போகி (ஒரே காலில் உள்ள சக்கரத் தொகுப்பு) குறுகலாகத் திரும்பும்போது டயர் பக்கவாட்டில் தேய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பாவமாக இருக்கும். போயிங் 777-இல் ஆறு சக்கர போகியின் பின் அச்சே திரும்புவது இதற்காகத்தான். தேய்ந்த டயரைத் தூக்கிப் போடுவதில்லை, உடல் நன்றாக இருந்தால் மேல் ரப்பரை மட்டும் புதிதாகப் போட்டு பலமுறை ரீட்ரெட் ஆகி வரும்.

உள்ளே 200 பிஎஸ்ஐ பக்கம் நைட்ரஜன். சாதாரணக் காற்று ஏன் கூடாது என்பதற்கு 1986-இல் மெக்சிகானாவின் போயிங் 727 போதும்: பிரேக் சூடேறி, காற்று அடைத்திருந்த டயர் பறக்கும்போதே வெடித்தது, 167 பேர் போய்விட்டார்கள்.

பழையடீசல்:
ஆயில் இறக்கினேன், தங்கத்தூள்தான், டப்பா முழுக்க மின்னுகிறது. பில்லைப் பார்த்தால் ஜிஎல்-5. ரிவர்ஸ் சுத்தமாக விழுகிறது. சனிக்கிழமை பாக்ஸ் இறங்குகிறது.

கிரீஸ்கை:
இறக்குவதுதான் இறக்குகிறீர்கள், கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள், கூலி ஒண்ணுதான். கியர் கம்பி மேலேயே கை வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழையடீசல்:
இருக்கு அண்ணே. 😬