காற்றடித்தால் பந்தைப் பார்க்கவே பயப்படும் மகள்: என்ன செய்யலாம்?

என் மகளுக்கு 6 வயது. பேஸ்பால் பழக ஆரம்பித்து இரண்டு மாதம். போன சனிக்கிழமை ஆட்டத்தில் பலத்த காற்று. மேலே எழும்பிய பந்து காற்றில் விலகி, அவள் நீட்டிய கிளவுஸைத் தாண்டிக் கன்னத்தில் பட்டது. மெத்தென்ற பயிற்சிப் பந்துதான், காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து பந்து உயரே போனாலே தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கண்ணை இறுக மூடிவிடுகிறாள். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

டென்னிஸ் பந்து போட்டுப் பார்த்தேன். காற்றில்லாதபோது நன்றாகவே பிடிக்கிறாள். அப்புறம் ஸ்பாஞ்ச் பந்து. அது லேசு, காற்றில் இன்னும் அலைந்தது. புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்றின் திசை பார்க்கவும் சொல்லிக்கொடுத்தேன், பயம் போகவில்லை.

இந்த வயதுப் பிள்ளைகளைப் பழக்கியவர்கள் சொல்லுங்கள்: காற்று நாளில் கண்ணை மூடாமல் பந்தைப் பார்க்க எப்படிப் பழக்கினீர்கள்?