மிட்சோலுக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

மா.செ., தாராபுரம் — திங்கள் இரவு

குழுமத்தாருக்கு வணக்கம். எங்கள் பள்ளியில் காலையில் ஓட வரும் பிள்ளைகளுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். எந்தத் தரைக்கு எந்த ஷூ, இரண்டாயிரம் ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம். எல்லாம் முடிந்து, தமிழில் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு சொற்களில் நிற்கிறேன். ஒன்று மிட்சோல், அதாவது ஷூவின் அடிப்பகுதியில் நடு அடுக்கு. இன்னொன்று ஹீல் டிராப், அதாவது ஷூவுக்குள் முன்பாதத்தைவிடக் குதி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்ற அளவு.

போன வாரம் என் பழைய ஷூ ஒன்றை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பிள்ளைகளிடம் காட்டினேன். கீழே கறுப்பு ரப்பர். மேலே கால் படும் மெல்லிய அட்டை. இரண்டுக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு வெள்ளை நுரை, ஈ.வி.ஏ. என்கிறார்களே அது. விரல் பக்கம் அமுக்கினால் நுரை எழுந்து வந்தது. குதிப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக விழுந்து, அமுக்கிய இடம் அப்படியே கிடந்தது. “ரப்பர் நல்லாத்தானே டீச்சர் இருக்கு, எதுக்குத் தூக்கிப் போட்டீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். 500 முதல் 800 கி.மீ. ஓடியதும் அந்த நுரைதான் முதலில் சாகிறது, ரப்பர் அல்ல. அதைச் சொல்ல எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

கு.நா., பாளையங்கோட்டை — செவ்வாய் காலை

அம்மா, உங்களுக்கு வேண்டிய சொல் கையருகிலேயே இருக்கிறது. உள்ளடி, இடையடி, புறவடி. மூன்றடுக்குக்கு மூன்று சொல், ஒரே வாய்பாடு. இன்சோல் உள்ளடி, மிட்சோல் இடையடி, அவுட்சோல் புறவடி. அடி என்பதற்குப் பாதம் என்றும் கீழ்ப்பகுதி என்றும் பொருள் இருப்பதால் இரண்டுமே இங்கே பொருந்துகின்றன.

கூடவே ஒரு விண்ணப்பம். ஷூ என்று எழுதாதீர்கள். தொடுதோல் என்று நம்மிடம் சொல் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஆயனின் காலைச் சொல்லும்போது ‘தொடுதோல் மரீஇய வடுஆழ் நோன்அடி’ என்று வருகிறது. செருப்பு உராய்ந்து உராய்ந்து வடு பதிந்த வலிய கால். நடையாய் நடந்தவனின் காலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும். ஷூ கடித்த காலோடு வரும் உங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு அடியை அவசியம் சொல்லுங்கள்.

ர.வே., யாழ்ப்பாணம் — செவ்வாய் மதியம்

ஐயாவின் மூன்றடுக்கு அழகாக இருக்கிறது, ஆனால் புறவடி ஏற்கெனவே பாதத்தின் மேற்பகுதிக்கு உரிய பெயர். தரையில் படுகிற ரப்பருக்கு அதை வைத்தால் மேலது கீழதாகிவிடும். உள்ளடி என்றால் நீங்கள் அங்கே தேர்தல் செய்தியில் எழுதுகிற ‘உள்ளடி வேலை’தான் நினைவுக்கு வரும்.

தொடுதோல் பற்றி: ஓடுகிற சப்பாத்தில் இப்போது தோல் எங்கே இருக்கிறது? மேலே வலைத்துணி, நடுவில் நுரை, கீழே ரப்பர். நாங்கள் சப்பாத்து என்போம். போர்த்துக்கீசியச் சொல்தான், ஆனால் எங்கள் பாட்டிகளுக்கே அது தமிழாகிவிட்டது.

கு.நா. — செவ்வாய் மாலை

எண்ணெய் என்பது எள்நெய்தான். தேங்காயெண்ணெய் என்று சொல்லும்போது அதில் எள் எங்கே இருக்கிறது? சொல் பொருளை விட்டு நகர்ந்து வளரும். தோல் இல்லாத தொடுதோலும் அப்படித்தான். புறவடி பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். கீழடி என்று வைக்கலாம்.

த.இ., கோவை — செவ்வாய் இரவு

கீழடி என்றால் எல்லாரும் அகழாய்வுக்குப் போய்விடுவார்கள் ஐயா!

நான் பதினைந்து வருடமாக ஓடுகிறேன். சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ‘இடையடி அமுங்கிவிட்டது’ என்றால் யாருக்கு என்ன புரியும்? ‘மெத்தை அமுங்கிவிட்டது’ என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். நடுமெத்தை என்று வையுங்கள்.

கையேட்டுக்கும் இந்தச் சொல்தான் வசதி. சிமெண்ட் தரை தார் ரோட்டைவிடக் கடினம், அங்கே நடுமெத்தை தடியாக இருக்கட்டும். செம்மண் மைதானம் தானே கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், நடுத்தரமாக இருந்தால் போதும். மலைப்பாதைக்கு மெத்தை ரொம்ப உயர்ந்தால் கல்லில் கணுக்கால் புரளும். அங்கே 4, 5 மி.மீ. ஆழத்துக்குப் பற்கள் இருக்கிற ரப்பர்தான் முக்கியம். இதையே ‘இடையடி’ போட்டு எழுதிப் பாருங்கள்.

சா.மு., மதுரை — புதன் காலை

எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிக்கிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி வென்றார். நம் கிராமத்துப் பிள்ளைகளும் இன்றைக்கும் மைதானத்தில் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் பல வீடுகளில் ஒரு வாரச் சாப்பாடு. கையேட்டில் அதையும் எழுதுங்கள்.

மா.செ. — புதன் இரவு

எழுதியிருக்கிறேன் அண்ணா. முதல் பக்கமே அதுதான்: நல்ல மண் தரையில் வெறுங்காலோடு ஓடுவது குறை அல்ல. ஆனால் பிக்கிலா 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் வென்றார். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழி முழுக்கக் கண்ணாடிச் சில்லு.

செலவைக் குறைக்கவும் ஒரு பக்கம் இருக்கிறது. போன வருட மாடலைத் தள்ளுபடியில் வாங்குவது. பாதம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போட்டுப் பார்ப்பது. நீள விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடுவது. மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்குகிறதா, நட்டநடுவில் ஒடிகிறதா என்று பார்ப்பது. இதற்கெல்லாம் புதுச்சொல் தேவைப்படவே இல்லை.

அப்புறம், ஹீல் டிராப்பை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். குதி இருக்கும் உயரத்துக்கும் முன்பாதம் இருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். வழக்கமான ஷூக்களில் 8 முதல் 12 மி.மீ. இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது.

கு.நா. — வியாழன் காலை

குதியேற்றம். நாம் தரையில் நின்று பார்க்கிறவர்கள். குதி ஏறியிருப்பதைத்தான் காண்கிறோம். விரல் இறங்கியிருப்பதை அல்ல. குதித்தலும் குதியும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் துணிபு. குதித்துப் பாருங்கள், கடைசியில் உடலின் பாரத்தை ஏற்பது குதிகால்தான். மலையாளத்திலும் குதிகால் உண்டு. இது பற்றித் தனியே நீண்ட மடல் எழுதுகிறேன்.

ர.வே. — வியாழன் காலை

ஐயா, குதிக்கும்போது முதலில் தரை தொடுவது முன்பாதம். வேர் ஆராய்ச்சியை அந்தத் தனி மடலில் பார்ப்போம். குதியேற்றத்தில் ஓர் எழுத்து பிழைத்தால் குடியேற்றம். அச்சகத்தில் அது நிச்சயம் பிழைக்கும். ‘குதி உயர்வு’ என்று இரண்டு சொல்லாகவே எழுதினால் என்ன? ‘குதி உயர்வு 8 மி.மீ.’ படிக்கத் தடங்கல் இல்லை.

மா.செ. — வியாழன் இரவு

மடல் எழுதியவர்களில் நடுமெத்தைக்கு ஆறு பேர், இடையடிக்கு இரண்டு பேர், மிட்சோல் என்றே எழுதச் சொன்னவர் ஒருவர். இதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. நடுமெத்தை, குதி உயர்வு என்று போட்டுவிட்டேன். கடையில் கேட்க வசதியாக, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘கடைக்காரர் மிட்சோல் என்பார்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கீழே இருப்பதை அடிரப்பர் என்றேன், பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஷூவை ஷூவாகவே விட்டுவிட்டேன். ஐயா மன்னிக்க வேண்டும். ஆயன் கால் வரி பின்னட்டையில் வருகிறது.

கு.நா. — வெள்ளி காலை

பின்னட்டைக்கு நன்றி அம்மா. மறுப்பைப் பதிவு செய்கிறேன். மெத்தை என்பது அந்த அடுக்கு செய்யும் வேலையின் பெயர், இடையடி அது இருக்கும் இடத்தின் பெயர். வேலை மாறும், இடம் மாறாது. போட்டிக்கு ஓடுபவர்களின் ஷூவில் அந்த அடுக்குக்குள் கார்பன் தகடு வைக்கிறார்கள் என்று தம்பி த.இ.யே முன்பு எழுதியிருக்கிறார். தகடு வைத்த மெத்தையில் யார் படுப்பார்கள்? செயற்கை ஓடுதளத்துக்கான ஆணி ஷூ பலவற்றில் நுரை இருப்பதே தெரியாது. அதற்கும் நடுமெத்தை என்றா சொல்வது? உங்கள் பிள்ளைகளில் ஒருத்தி நாளை மாநிலப் போட்டிக்கு ஆணி ஷூ வாங்கப் போவாள். இரண்டாம் பதிப்பு போடும்போது என்னைக் கேளுங்கள்.