பழைய ரிகர்வ் வில்லின் வயதைக் கண்டுபிடித்த அனுபவம் உண்டா? என்னுடையது இதோ

டர்பன் சனிக்கிழமை வில்லாளி:

போன புரட்டாசிக்கு முன்னால் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு அங்கிள் (இங்கே மூத்தவர்கள் எல்லாரும் அங்கிள்தான், ஊர்ப் பழக்கத்தில் ஐயா என்றால் சிரிக்கிறார்கள்) கராஜைக் கழுவிக்கொண்டிருந்தார். புரட்டாசி பூஜை வந்தால் வீட்டில் ஒரு மூலை விடாமல் சுத்தம் செய்துவிடுவார்கள். குப்பையை ஏற்ற என் பக்கியைக் (பிக்அப் வண்டிக்கு இங்கே அந்தப் பெயர்) கொண்டு போயிருந்தேன்.

பழைய டயர்களுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி ஒரு ரிகர்வ் வில், அதாவது நுனிகள் முன்பக்கமாக வளைந்திருக்கும் வகை. நைலான் கயிறுதான் நாண். பேரன்களின் வேலையாம். தூசியைத் துடைத்ததும் லிம்பில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி) எழுத்து தெரிந்தது: பேர் (Bear) ஆர்ச்சரி, கிரேலிங், மிச்சிகன். அமெரிக்க வில் கம்பெனி. கீழே கோடியாக் மேக்னம். எனக்குக் கை லேசாக நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

"1953 தம்பி. அதிலேயே போட்டிருக்கு பாரு" என்றார் அங்கிள். போட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்த வரியை முழுசாகப் படிக்க வேண்டும். அது கனடாவில் காப்புரிமை வாங்கிய வருடம். வில் செய்த வருடம் இல்லை. அதே வரியை அந்தக் கம்பெனி பல வருடங்களுக்கு, பல மாடல்களில் அச்சடித்துக்கொண்டே இருந்தது. பழைய வில் விற்கிறவர்களில் பாதிப் பேர் "1953 மாடல்" என்று விலை சொல்வது இதை வைத்துத்தான். போதாக்குறைக்கு கோடியாக் மேக்னம் என்ற மாடலே 1961-இல்தான் வந்தது.

சரி, அப்புறம் எப்படி வயது பார்ப்பது? கைப்பிடியில் பதித்த வில்லையைப் பார்க்க வேண்டும். வில்லில் வில்லை. நம் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக, மரத்தோடு சமமாகப் பதிந்திருக்கும். 1959 முதல் 61 வரை செம்பு, 62-இல் அலுமினியம், 63, 64-இல் பியூட்டர் என்ற சாம்பல் நிறக் கலவை, 65 முதல் 70 வரை பித்தளை, 71, 72-இல் நிக்கல் சில்வர். 73-இலிருந்து மரத்துக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கிற வில்லை. ஒரு வருடம் முன்பின் இருக்கலாம், கையிருப்பைத் தீர்த்திருப்பார்கள். 1978-இல் கம்பெனி ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. அதனால் கெய்ன்ஸ்வில் என்று இருந்தால் அதற்குப் பிந்தையது, பேசவே வேண்டாம்.

எங்கள் வில்லை கறுத்துப் போயிருந்தது. ஈரத்துணியால் ஓரத்தை மட்டும் தேய்த்தேன். மஞ்சள். பித்தளை! சொன்னதுதான் தாமதம், ஆன்ட்டி புளி எடுக்க உள்ளே போய்விட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். கறுப்பு இருந்தால்தான் மதிப்பு, குத்துவிளக்கு மாதிரி பளபளக்கக் கூடாது என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பித்தளை என்றால் 65-க்கு முன்னால் இல்லை. இங்கேதான் சிக்கல். அங்கிளின் குடும்பம் குரூப் ஏரியாஸ் சட்டத்தில் (இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நிறவெறிக் காலச் சட்டம்) டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து வெளியேற்றப்பட்டு 1964-இல் சாட்ஸ்வொர்த் வந்தது. "வரும்போது லாரியில் சாமான்மேல் உட்கார்ந்து இந்த வில்லை நான்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன். ஒன்பது வயசு எனக்கு" என்கிறார். அவருடைய அப்பா தோட்ட வேலை செய்த வீட்டு முதலாளி, நாட்டை விட்டுப் போகும்போது கொடுத்ததாம். நான் பித்தளையைக் காட்டுகிறேன், அவர் லாரியைச் சொல்கிறார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டேன். அன்று பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றுவது) வாங்கிக் கொடுத்தார், சாப்பிட்டோம், பேச்சில்தான் காரமே இல்லை.

வில்லின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நீளம் 52 அங்குலம் என்று கையால் எழுதியிருந்தது, கூடவே இழுவிசை 45 பவுண்டு. அந்த பவுண்டு, நாணை 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள கணக்கு. என் கை 26-க்குத்தான் வரும், அதனால் எனக்கு 40 பக்கம்தான். பஞ்சு உருண்டையால் லிம்ப் முழுக்கத் தடவினேன். எங்காவது ஃபைபர்கிளாஸ் பிசிறு இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை. ஆனால் இத்தனை வருடம் ஒரே நுனியில் நின்றதில் கீழ் லிம்ப் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்காரன்:

என்னிடம் இருப்பது ரிகர்வ் இல்லை, ஆனால் வயது கண்டுபிடித்த விதம் உங்களுக்குப் பிடிக்கும். ஒரு வீட்டைக் காலி செய்து விற்ற இடத்தில் வாங்கிய இரும்பு வில். ஆமாம், இரும்புதான். இங்கிலாந்தில் ஓல்ட்பரியில் அக்கிள்ஸ் அண்ட் பொல்லாக் என்ற எஃகுக் குழாய்க் கம்பெனி அப்பல்லோ என்ற பெயரில் செய்தது. உள்ளே கூடான குழாய், நுனி போகப் போக ஒடுங்கும். வில்லில் வருடம் எதுவும் இல்லை. துணி உறையின் உள்பக்கத்தில் கடைச் சீட்டு தைத்திருந்தது, விலை பவுன், ஷில்லிங்கில். இந்த நாட்டில் ராண்ட் வந்தது 1961 பிப்ரவரி 14. அதனால் அதற்கு முன்னால் விற்றது. வில்லை மட்டும் பார்க்காதீர்கள், உறை, அம்பறாத்தூணி, பழைய பில் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். முகவரியில் நான்கு இலக்கத் தபால் எண் இருந்தால் 1973-க்குப் பிந்தையது.

ஒரு எச்சரிக்கை. இந்த இரும்பு வில் உள்பக்கமாகத் துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் புதுசு மாதிரி இருக்கும், இழுக்கும்போது முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். என்னுடையது சுவரில் தொங்குகிறது, அங்கேயே இருக்கட்டும்.

வெருலம் கூத்து வீட்டுப் பையன்:

எங்கள் வீட்டில் அர்ஜுனனின் காண்டீபம் இருக்கிறது! சித்தப்பா தெருக்கூத்து ஆடியவர், இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். அவர் கையில் இருந்த வில் முழுக்கத் தங்க பெயின்ட். சிவப்பு ரிப்பன் கோந்து போட்டு ஒட்டி, ரைசரில் (நடுக் கைப்பிடிப் பகுதி) மயில் இறகு மாட்ட இரண்டு ஆணி. நாண் அரைஞாண்கயிறு. சின்ன வயதில் அது மரத்தில் செய்த பொம்மை என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம் பெயின்ட் உரிந்த இடத்தில் நகத்தால் சுரண்டினேன். உள்ளே கண்ணாடி நார் கோடு கோடாகத் தெரிந்தது. ஒரு வாரம் பொறுமையாகச் சுரண்டி எடுத்ததில் பென் பியர்சன், கோல்ட் (தங்கம் இல்லை, Colt) என்று வந்தது. அர்கன்சாவில் பைன் பிளஃப் ஊர்க் கம்பெனி. பேர் ஆர்ச்சரி வில்லில் மாதிரி பதித்த வில்லையைப் பார்த்து வருடம் சொல்லும் வசதி இதில் இல்லை. பழைய விலைப்பட்டியல்களை வைத்துக்கொண்டு, நுனியில் ஒட்டிய துண்டின் நிறம், கைப்பிடி வளைவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அந்தப் பட்டியல்களிலேயே வருடம் கிழிந்திருக்கும். அப்போது கம்பெனி முகவரியைப் பார்ப்பேன். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் எண் 1963-இல்தான் வந்தது. என்னுடையது அறுபதுகள் என்ற அளவுக்கு வந்திருக்கிறேன், அதற்கு மேல் நகரவில்லை. சித்தப்பாவுக்குப் பெயின்டைச் சுரண்டியதில் இன்னும் கோபம்.

போனிக்ஸ்:

நான் வயதெல்லாம் பார்க்கும் முன்பே என் மச்சான் ஒடித்துவிட்டான். ரிகர்வ் வில் நாண் இல்லாமல் இருக்கும்போது C மாதிரி வளைந்திருக்கும் இல்லையா, அந்த வளைவிலேயே நாணை மாட்டிவிட்டான். அது தலைகீழ்! எதிர்ப்பக்கம் வளைத்துத்தான் மாட்ட வேண்டும். ஒரே இழுப்பு, படீர், லிம்ப் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. ராமர் வில்லை ஒடித்தார், சீதை கிடைத்தாள். இவனுக்கு என் தங்கையிடம் திட்டுதான் கிடைத்தது.

டர்பன் சனிக்கிழமை வில்லாளி:

எல்லாருக்கும் நன்றி. போனிக்ஸ், அடுத்த தடவை மச்சானுக்கு ஸ்ட்ரிங்கர் கயிறு (வில்லை வளைத்து நாண் மாட்ட உதவுவது) ஒன்று வாங்கிக் கொடுங்கள், காலுக்கு நடுவில் வில்லை நுழைத்து வளைக்கிற பழக்கத்தாலும் லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

நாண் விஷயம்: வில்லில் எழுதிய நீளத்தில் மூன்று, நான்கு அங்குலம் கழிக்க வேண்டும், நான் 49 அங்குலத்தில் டேக்ரான் (கொஞ்சம் நீண்டு கொடுக்கும் பாலியெஸ்டர் நூல்) நாண் வாங்கினேன். இப்போது வரும் நீளாத நூலெல்லாம் அந்தக் கால வில்லுக்கு ஆகாது, நுனியைப் பிளந்துவிடும். அதை மாட்டிக் காட்டலாம் என்று நேற்று அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலிலேயே ஒரு பழைய போட்டோவோடு நின்றார். கேட்டோ மேனர் வீட்டு வராந்தா. அவருடைய அப்பா, கையில் வில். பெரிதாக்கிப் பார்த்தேன். கோடியாக் மேக்னம் குட்டையானது, மார்பு உயரத்துக்குத்தான் வரும். போட்டோவில் இருந்தது அவர் தோளைத் தாண்டி நின்றது. மரக் கைப்பிடி இல்லை, வில்லை இல்லை. வெயில் பட்டு லிம்ப் முழுக்க ஒரே பளபளப்பு. பீட்டர்மரிட்ஸ்பர்க்காரர் எழுதியது ஞாபகம் வந்தது.

"அங்கிள், இரும்பு வில் ஒன்று இருந்ததா?"

கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்தார். "ஆமா, ரெண்டு இருந்துச்சு. அந்த தொரை மொதல்ல ஒண்ணு குடுத்தாரு, ஊருக்குப் போறப்ப ஒண்ணு குடுத்தாரு. லாரில நான் பிடிச்சிருந்தது அந்தக் கம்பி."

"அது எங்கே இப்போது?"

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தக்காளிச் செடிக்கு ஊன்றியிருந்தது. பாதி மண்ணுக்குள்.