மறு: 'பீப்பாய் மாதிரி' வேண்டாம், 'பதம்' இருக்கிறதே

> பீப்பாயில் கிடக்கும் விஸ்கியிலிருந்து சுவைத்துப் பார்க்க எடுக்கும் கொஞ்சத்துக்கு 'பீப்பாய் மாதிரி' போதும் என்பது என் எண்ணம்.

தேவகோட்டை அண்ணனுக்கு வணக்கம்.

விஸ்கிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் நீங்கள் சொன்ன இந்தச் சொல் போதாது அண்ணே. இதை வீட்டில் சத்தமாகப் படித்தேன். "யாரு பீப்பாய் மாதிரி இருக்கா?" என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. அதோடு அந்தச் சொல் செத்தது.

போன வருடம் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் ஒரு விஸ்கிக் கிடங்குக்குப் போயிருந்தேன். அங்கிருந்தவர் பீப்பாயின் தக்கையைத் தட்டிக் கழற்றி, நீளக் குழாயை உள்ளே விட்டு, மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக் கொஞ்சம் எடுத்தார். நாலு வருடச் சரக்கு, ஆல்கஹால் அறுபது சதவீதத்துக்குப் பக்கம். முதலில் ஆஸ்பத்திரி வாடை, பிறகு தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பு. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அடியிலிருந்து கொப்பரை வாசம் வந்தது. அது ஓக் மரம் கொடுத்தது. புகையும் மரமும் இன்னும் ஒட்டவில்லை, தனித்தனியாக நின்றன. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னும் இருக்கட்டும்" என்று தக்கையை அடித்துவிட்டார்.

எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்தது. அதிரசப் பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். திரளாவிட்டால் "இளம்பதந்தான், இன்னும் கொதிக்கட்டும்." ருசி பார்ப்பது முடிந்த பண்டத்தை, பதம் பார்ப்பது முடியாததை. கிடங்குக்காரர் செய்தது இரண்டாவது. ஆகவே செயலுக்குப் 'பதம் பார்த்தல்', எடுத்த சரக்குக்குப் 'பீப்பாய்ப் பதம்', அதன் நிலைக்கு 'இளம்பதம்'.

'இள விஸ்கி' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அது வயதைச் சொல்கிறது, நிலையைச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் ஆவியாகிப் போவது வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம், பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல். அதனால் அங்கே நாலு வருடத்தில் இளம்பதம், பெங்களூரில் அதே நாலில் நன்றாகவே முற்றியிருக்கும். நம் காரைக்குடி வெயிலில் வைத்தால்? கடைசியில் பீப்பாய்தான் மிஞ்சும்.

ஒரு தடை எனக்கே தோன்றியது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பீப்பாய்க்கு அது செல்லாது. ஒரே நாளில் ஊற்றிய சரக்கு அடுத்த பீப்பாயில் வேறு மாதிரி இருக்கும். ஆனால் பழமொழியும் ஒரு பானைக்குத்தான் பேசுகிறது, அடுத்த பானைக்கு இல்லை. கத்தி விரலைப் பதம் பார்ப்பது இன்னொரு தடை. தண்ணீர் விடாமல் குடித்தவர்கள் அதையும் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்து, புகை வாசமுள்ள விஸ்கிக்கு 'புகை போட்ட விஸ்கி' என்பது. வேண்டவே வேண்டாம். வாழைத்தாருக்குப் போடுவதுபோலச் சரக்குக்கே புகை போட்டதாக ஆகிவிடும். முளைகட்டிய வாற்கோதுமையைக் காயவைக்கும்போது பீட் (சதுப்பில் செடிகொடி மட்கிச் சேர்ந்த மண்) எரித்த புகை ஏறுகிறது. நொதிப்பதும் வடிப்பதும் அதற்குப் பிறகுதான், பீப்பாய்க்கு இதில் பங்கே இல்லை. சொல்லப்போனால் பீப்பாயில் வருடம் ஏற ஏறப் புகை தணியும். இளம்பதத்தில் அடுப்பு வாசம் தூக்கலாக இருந்தது அதனால்தான். 'புகையூட்டிய முளை' என்றால் எங்கே ஏறியது என்பது விளங்கும்.

முதிர்வதற்கு நம் பக்கத்திலேயே பழைய சொல் உண்டு. பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்பார்கள். அந்தப் பாரி நாட்டைக் கபிலர் பாடும் புறநானூறு 120இல் 'நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்' வருகிறது. மண்ணில் புதைத்து முதிரவைத்த கள். பழுனல் என்று எடுத்துக்கொள்ளலாம். பேச்சில் நிற்குமா என்பதில் எனக்குச் சந்தேகம், வற்புறுத்த மாட்டேன். பதத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பீட்டுக்கு 'முற்றா நிலக்கரி' என்று போட்டிருந்தீர்கள். நீலகிரிச் சதுப்பில் இருப்பதும் அதுதான். சரி, ஆனால் 'முற்றா நிலக்கரிப் புகையூட்டிய முளை' என்று சீட்டில் எழுதினால் புட்டியைச் சுற்றி வந்துவிடும். இதைச் சுருக்கிக் கொடுங்கள் அண்ணே.